அவர் சட்டைப் பையில் என் முகம்

இஸ்திரி உருளையிலிருந்து போர்வைகள் சுடச்சுட வந்து விழுந்துகொண்டிருந்தபோது மேற்பார்வைக்காரி உள்ளே வந்து இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். நகரசபை ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இயந்திரம் நின்றால் காதுக்குள் இரைச்சல் கேட்க ஆரம்பித்துவிடும். பெரிய டாக்டர் யாராவது இறந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்து வாசித்தாள். நகரசபைத் தலைவர் தேர்தலில் இந்த முறையிலிருந்து படம் போட்ட அடையாள அட்டை இல்லாமல் ஓட்டுப் போட முடியாது. முன்பு மாதிரி பெயர்ச் சீட்டை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"எல்லார்கிட்டயும் இருக்குல்ல? ஒரு ஓட்டு கூட வீணாகக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் கவலைக்குக் காரணம் இருந்தது. நிற்கிற இருவரில் ஒருவர், தான் ஜெயித்தால் இந்தச் சலவைக் கூடத்தை மூடிவிட்டுத் துணிகளை வெளியே ஒரு கம்பெனிக்கு அனுப்பப்போவதாக மேடை போட்டுச் சொல்லியிருந்தார். சிக்கனமாம். போன தேர்தலில் மயிரிழையில் தோற்றவர் அவர். நாங்கள், எங்கள் வீட்டு ஆட்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லோருமாகக் கை கோத்தால் இந்த முறையும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கில் நானும் இருந்தேன். அட்டைதான் என்னிடம் இல்லை. கழுத்தில் தொங்கிய வேலை அட்டையைக் காட்டி, "இது செல்லாதா?" என்று கேட்டேன். அதிலும் என் படம் இருந்தது.

"அது நம்ம கேட்டுக்காரனுக்குத்தான் செல்லும். அவன்கூட நம்ம மூஞ்சியப் பார்க்கறதில்ல" என்றாள் ரேடியோ.

ரேடியோ என்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவள். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். தூக்கத்திலும் பேசுவாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஏன் பிடித்திருந்தது என்று சொல்வதானால் நான் விட்டு வந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் வெளியில் சொல்ல வசதியாகவாவது இருந்திருக்கும். கோபம் வந்தால் பேச மாட்டார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. குழம்பில் உப்பு கூடினால் ஒரு வாரம். கேட்காமல் என் அக்கா வீட்டில் தங்கிவிட்டு வந்தால் ஒரு மழைக்காலம் முழுக்க. தட்டு வைக்கிற சத்தம், கதவு மூடுகிற சத்தம், அவ்வளவுதான் வீடு. காலையில் வேனைக் கிளப்பும்போது மட்டும் வாசலிலிருந்து அவர் குரல் கேட்கும். பிள்ளைகளோடு சிரித்துச் சிரித்துப் பேசுவார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். நான் சன்னலுக்குப் பின்னால் நின்று அந்தக் குரலைக் கேட்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டின் எல்லாக் காகிதங்களும் இரும்பு பீரோவில் இருந்தன, சாவி அவர் இடுப்பில். தேர்தல் நாளில் பீரோவைத் திறந்து என் அட்டையை எடுத்துத் தருவார். எந்தச் சின்னம் என்றும் சொல்வார். போட்டுவிட்டு வந்து அட்டையைத் திருப்பித் தருவேன். அவர் பேசாத ஒரு பகலில், அவர் வேன் ஓட்டப் போயிருந்தபோது, துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வருஷம் ஆகிறது. அவரும் தேடி வரவில்லை.

மறுநாள் தேர்தல் அலுவலகத்துக்குப் போனேன். வரிசை வெளி வராந்தா வரை நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கழுத்தில் பட்டை போட்டிருந்தார். குனிய முடியாததால் ஒவ்வொரு தாளையும் முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"அட்டை தொலைஞ்சிருச்சாம்மா?"

"தொலையலைங்க. வீட்டுக்காரர்கிட்ட இருக்கு."

"வாங்கிக்க வேண்டியதுதானே?"

"நான் இப்ப அவரோட இல்லைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "புது விலாசத்துக்கு மாத்தணும்னா வீட்டு ஓனர் கையெழுத்து வேணும்."

எங்கள் அறையை வாடகைக்கு விட்டிருப்பவர் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். அப்படி ஒரு அறை இருப்பதே வரிக்காரர்களுக்குத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே எழுத்தருக்குப் புரிந்திருக்க வேண்டும். மேசையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, எனக்காக உண்மையாகவே புரட்டினார்.

"தொலைஞ்சா வழி இருக்கு. எரிஞ்சு போனா, தண்ணியில போனா, எலி கடிச்சா, எல்லாத்துக்கும் வழி போட்டிருக்காங்க. புருஷன்கிட்ட இருந்தா என்ன பண்றதுன்னு போடலையேம்மா. தொலைஞ்சுதுன்னு பொய் எழுதிக் குடுத்தாலும் தேர்தலுக்குள்ள புதுசு வராது." கழுத்தைத் தடவிக்கொண்டார். "ஒரு நடை போய்க் கேட்டுத்தான் பாருங்களேன். மனுஷன்தானே."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்களும் ஆளுக்கொரு கதையோடுதான் நின்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய வீட்டுக்குப் போனேன். வேன் வாசலில் கழுவி நிறுத்தப்பட்டிருந்தது. அவர்தான் கதவைத் திறந்தார். கண்ணாடி போட ஆரம்பித்திருந்தார். "வா" என்றார். நாற்காலியை நகர்த்திப் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். அந்த வீட்டில் அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எழுந்து பீரோவைத் திறந்தார். அட்டை மேலேயே இருந்தது. படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மெலிஞ்சுட்டே."

"வேலை அப்படி."

கையை நீட்டினேன். அவர் அட்டையைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலை. தேர்தல் அன்னிக்குக் காலையில வா. ரெண்டு பேருமா சேர்ந்து போயிட்டு வந்துடலாம்."

"எதுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தெருவுல யார்கிட்டயும் நான் எதுவும் சொல்லலை. உங்க அக்காவுக்கு உடம்பு முடியலை, பார்த்துக்கப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்."

என் அக்கா கல்லைத் தின்றாலும் செரிக்கிறவள். "மூணு வருஷமாவா?" என்றேன்.

"கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நடுவுல ஒரு ஆபரேஷன்கூடச் சொல்ல வேண்டியதாப் போச்சு." அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "இப்பெல்லாம் கேக்கறதை நிறுத்திட்டாங்க. அதுதான் கஷ்டமா இருக்கு. ஒரு தடவை ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்தாங்கன்னா போதும்."

"இப்பவே குடுத்துடுங்களேன். என்னால நடிக்க முடியாது."

அவர் எழுந்தார். தண்ணீர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். ஒரு டம்ளரை அவ்வளவு நேரம் யாரும் கழுவ மாட்டார்கள். அந்த மௌனம் எனக்குப் பழகியது. அது வயிற்றில் எந்த இடத்தில் வந்து உட்காரும் என்பதுகூடத் தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து சொன்னதும் ரேடியோ குதித்தாள். "என்னக்கா இது, வாடகைப் பொண்டாட்டியா நீ? போலீஸ்ல போய்ச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறேங்கறார்னா?"

அவள் வாயைத் திறந்து மூடினாள். அவளுக்கே பேச்சு நின்றதை அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "உன் ஒரு ஓட்டுல என்ன ஆகிடப்போகுது, விடுன்னுதான் சொல்லத் தோணுது. ஆனா ஒரு ஓட்டுல போயிட்டா, காலம் பூரா உன்னைத் திட்டிக்கிட்டே இருப்பேனோன்னும் இருக்கு."

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சலவைக் கூடம் மூடினால் இந்த அறை போகும். அறை போனால் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பதற்காக அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டியிருந்தது. இதை யாரிடமாவது விளக்கிச் சொல்வதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. போய்விட்டு வருவதே சுலபம்.

இரவு வேலையை முடித்துக்கொண்டு தேர்தல் அன்று காலை நான் போனபோது அவர் சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டையோடு வாசலிலேயே நின்றிருந்தார். துணியின் ஊடாக அட்டையின் விளிம்பு தெரிந்தது. இருவரும் நடந்தோம். முன்பெல்லாம் அவர் பத்தடி முன்னால் போவார், நான் பின்னால். இப்போது என் நடைக்குத் தோதாக மெதுவாக நடந்தார். எதிரே பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்துவிட்டாள்.

"அட, எப்ப வந்தே? அக்கா எப்படி இருக்காங்க? எழுந்து நடக்கறாங்களா?"

அவர் எனக்காகக் காத்திருந்தார். பதிலுக்காக அவர் என்னைப் பார்த்துக் காத்திருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் கொஞ்சமா" என்றேன்.

"பாவம், இவரும் எத்தனை நாள்தான் தனியா வடிச்சுச் சாப்பிடுவார். சீக்கிரம் வந்துடும்மா."

"பார்க்கலாம்."

அவள் போனபின் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நன்றி என்று சொல்ல அவருக்கு வராது. "வெயில் ஏறுது" என்றார்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். அவர் வேன் தினமும் வந்து நிற்கிற பள்ளிக்கூடம்தான். காவலாளி அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு என்னையும் பார்த்துச் சிரித்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பிரிய வேண்டிய இடத்தில் அவர் நின்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். உடல் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

"வெளிய வந்து மரத்தடியில நிப்பேன்" என்றவர் போகாமல் நின்றார். "யாருக்குப் போடப் போறே?"

எத்தனையோ தேர்தல்களில் எதற்குப் போடு என்று சொன்னவர். கேட்டதில்லை. நான் அட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டேன்.

எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவள் முறை வந்தபோது மேசையில் இருந்த அதிகாரி அவள் நீட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஜெராக்ஸும்மா. அசல் எங்கே?"

"வேலைக்குச் சேர்ந்த வீட்டுல வாங்கி வெச்சிருக்காங்க சார். பேர் பாருங்க, லிஸ்ட்ல இருக்கு. நான்தான் சார்."

"நீங்கதான்னு எனக்குத் தெரியுதும்மா. அசல் இல்லாம விட முடியாது. கொண்டு வாங்க, சாயங்காலம் வரைக்கும் இருக்கோம்."

அவள் சண்டை போடவில்லை. குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வரிசையை ஒட்டியே திரும்பி நடந்தாள். அவள் திரும்பி வர மாட்டாள் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓரடி முன்னால் நகர்ந்து அவள் நின்ற இடத்தில் நின்றேன்.

அதிகாரி என் அட்டையைப் பார்த்தார். படத்தில் இருந்தவளுக்குக் கன்னம் இருந்தது. "நீங்கதானா?" என்றார். "ஆமாங்க." மையைத் தடவி ஓட்டுச் சீட்டைக் கொடுத்தார்.

மறைப்புத் தட்டி அட்டைப் பெட்டியைக் கிழித்துச் செய்தது. மூன்று பக்கம் மறைப்பு, உள்ளே பிள்ளைகள் எழுதுகிற குட்டை மேசை, கயிற்றில் கட்டிய ஒரு பென்சில். எந்தச் சின்னம் என்று தெரியும். அழுத்திக் குறி போட்டேன். தாளின் மறுபக்கம் வரை பதிந்திருக்கும். அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் கால் நகரவில்லை. இரவெல்லாம் ஈரப் போர்வை தூக்கிய தோள் அந்தத் தட்டிக்குள்தான் தளர்ந்து இறங்கியது. யாரும் என்னைப் பார்க்க முடியாத, எதுவும் கேட்க முடியாத இடம். அட்டை இடது கையில் ஈரமாகிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆயிடுச்சா?" வெளியிலிருந்து குரல் கேட்டது.

"இதோ."

சன்னலில் ஒட்டியிருந்த காகிதம் ஒரு மூலையில் பிரிந்திருந்தது. அதன் வழியாக மரத்தடி தெரிந்தது. அவர் அதற்குள் போட்டுவிட்டு வந்திருந்தார். சிமென்ட் பெஞ்சில் விழுந்து கிடந்த சருகுகளைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் இடத்தையும் துடைக்க ஆரம்பித்தார். மெதுவாக, ஓரம் வரை, கறை எதுவும் இல்லாத இடத்தையும் சேர்த்து.