மேலே தூவிய மணல்

ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூனை இருந்தால் இங்கே மலேசியாவில் பாதிப் பேர் அதை ஓயென் என்றுதான் கூப்பிடுவார்கள். சாந்தினியின் பூனைக்கும் அதே பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் வளர்த்த ஆண் பூனை. பாசிர் கூடாங்கில் காளிதாசோடு குடித்தனம் வைக்க வந்தபோது ஒரு கையில் துணிப்பையும் மறு கையில் பூனைக்கூடையுமாகத்தான் வந்து இறங்கினாள்.

அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது, பூனையின் கழிவில் இருக்கும் கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, மணல் பெட்டியைத் தொடவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காளிதாஸ் தானாகவே முன்வந்து அந்த வேலையை ஏற்றுக்கொண்டான். அவள் சொல்லிக் கொடுத்தபடி மூன்று விரல் கனத்துக்கு மணலைக் கொட்டிப் பரப்புவான். காலையும் மாலையும் சல்லடைக் கரண்டியால் கழிவையும், மூத்திரம் பட்டு இறுகிய கட்டிகளையும் அள்ளிவிட்டு, குறைந்த அளவுக்குப் புது மணல் சேர்ப்பான். வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கொட்டிப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைப்பான். கட்டி எத்தனை என்று பார்க்கவும் சொல்லியிருந்தாள். ஆண் பூனைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டால் முதலில் அதில்தான் தெரியுமாம்.

ஆறு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு அவன் வேலை பார்க்கும் ஆலையில் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தினார்கள். பழுது பார்க்கும் வேலை முடியும்வரை எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். ஒரு நாள் குனிந்து அள்ள அலுப்பாக இருந்தது. பையைப் பிரித்து மேலாகக் கொஞ்சம் மணலைத் தூவினான். பெட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. புது மணலின் வாசனை நாற்றத்தையும் அமுக்கிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே செய்தான். நாலைந்து நாள் அப்படியே ஓடியது.

அள்ளியாச்சா என்று சாந்தினி தினமும் கேட்பாள். ஆச்சு என்பான். அது அவனுக்குப் பொய்யாகவே படவில்லை. நாளைக்குச் சேர்த்து அள்ளத்தானே போகிறோம் என்று இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். ஓயென் சாப்பிடாமல் படுத்திருப்பதாகவும், பெட்டிக்குள் போய்ப் போய்க் குந்திவிட்டு வருவதாகவும் சாந்தினி சொன்னாள். உடனே மிருக வைத்தியர் கிளினிக்குக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் முதலில் கேட்டது, மூத்திரம் போகிறதா என்பதைத்தான். சாந்தினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவன் பக்கம் திரும்பினாள்.

“காலையில கட்டி இருந்துச்சாங்க?”

மேலே தூவிய மணலைத் தவிர அவன் எதையும் பார்த்திருக்கவில்லை. தொழிற்சாலை பஸ் வருகிற நேரம்.

“இருந்துச்சு லா. ரெண்டு.”

அப்படியென்றால் வயிற்றுக் கோளாறாக இருக்கலாம், நாளை சாயங்காலம் கொண்டுவாருங்கள் என்றார்கள். அடைப்பாக இருந்தால்தான் உடனே தூக்கிவர வேண்டுமாம் என்று சாந்தினி நிம்மதியாகச் சொன்னாள். அவன் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள் காலை திரும்பியதும் நேரே குசினிக்குப் பின்னால் போனான். பெட்டிக்குப் பக்கத்தில் வாந்திக்கு நடுவே ஓயென் சுருண்டு கிடந்தது. காதெல்லாம் சில்லிட்டிருந்தது. மணலைக் கையாலேயே கிளறினான். அடியில் பாறையாக இறுகிய பழைய கட்டிகள். அதற்கு மேல் முழுக்க உலர்ந்த மணல். புதிதாக ஒரு கட்டிகூட இல்லை.

கிளினிக்கில் டாக்டர் பூனையின் அடிவயிற்றைத் தொட்டதுமே பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஊசி போட்டார், குழாய் விட்டுப் பார்த்தார். பத்தரை மணிக்கு இதயம் நின்றுபோனது. ஒரு நாள் அடைப்பாகத் தெரியவில்லை, இரண்டு நாளுக்கு மேலாகவே இருக்கும் என்றார். நேற்றுக் காலையில்கூட மூத்திரம் போனானே என்றாள் சாந்தினி. காளிதாஸ் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூலாயில் அவள் அம்மா வீட்டுப் பின்புறம் புதைத்தார்கள். குழி வெட்டியது அவன்தான். வீட்டுக்கு வந்த பிறகும் சாந்தினிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டபடி பேசினாள்.

“டாக்டர் தொட வேணாம்னுதானே சொன்னாரு. பாக்க வேணாம்னு சொல்லலையே. ஒரு தடவ எட்டிப் பாத்திருக்கலாம். புள்ள வருதுன்னு அவன விட்டுட்டேன்.”

பேசாமல் இருந்தால் அந்தப் பழி அவள் மேலேயே தங்கிவிடும் என்பது அவனுக்குப் புரிந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளை மேலும்.

“நீ பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது” என்றான். “நான் அள்ளவே இல்ல. மேல மேல மணலப் போட்டு மூடிட்டேன். ரெண்டு கட்டின்னு சொன்னது பொய்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“போன்ல கேட்டப்பவும் தெரிஞ்சேதான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“தெரியலன்னு சொல்லியிருந்தாலே போதும். அப்பவே தூக்கிட்டு ஓடியிருப்பேன்.”

அவள் கத்தவில்லை. அன்று மத்தியானமே கூலாய்க்குப் போய்விட்டாள். லீவு கிடைத்த நாளெல்லாம் அவன் அங்கே போய்க் கூடத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவான். மாமியார் காப்பி கொடுத்து, பூனை போன துக்கம் இன்னும் ஆறவில்லை, நீங்கள்தான் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பார். சாந்தினி அவரிடம் எதையும் சொல்லவில்லை என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. அந்தக் காப்பியை விழுங்குவதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. பதினோராம் நாள் அவளே திரும்பி வந்தாள்.

இப்போது அவர்கள் மகளுக்கு எட்டு மாதம். சாந்தினி அவனோடு சிரித்துப் பேசுகிறாள். ஓயென் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டேன் என்று அவன் சொன்னால், சரி என்பாள். பிறகு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அளவைப் பார்ப்பாள். முதலில் அவன் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தாள். இப்போது அவன் எதிரிலேயே செய்கிறாள்.

அவனுக்குக் கோபம் வருவதில்லை. போன வாரம் மருந்து கொடுத்து முடித்ததும், அவள் எழுந்திருக்கும் முன்பே போத்தலைக் கொண்டுபோய் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு மூடியை இறுக்கி வைத்தாள்.