பௌரோவின் இடம்

எங்கள் தீவில் 'புபுசி' என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் எதிரில் இருப்பவர் கதை முடிந்தது. உறவுக்காரர் வந்து உட்கார்ந்து, இன்னது வேண்டும் என்பார். கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காதவனுக்குத்தான் மானக்கேடு, கேட்டவனுக்கு இல்லை. இப்படிப் படகு போயிருக்கிறது, பன்றி போயிருக்கிறது, உடம்பில் கிடந்த சட்டையும் போயிருக்கிறது. உலகப் போட்டியில் ஓடுகிற இடம் போனது இதுவே முதல் தடவை.

மாற்றுத்திறனாளிகளுக்கான போட்டி அது. நடத்துகிறவர்கள் இரண்டு பேருக்குத்தான் பயணச்சீட்டு அனுப்பினார்கள். ஒன்று கண் தெரியாத ஓட்டக்காரி தெபோராவுக்கு. இன்னொன்று அவள் பெரியப்பா மகன் பௌரோவுக்கு. ஒரு சிறு கயிற்றின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். வளைவு வந்தால் அவன் சொல்லுவான். விமானம் வராத நாட்களில் ஓடுபாதையில் நாய்களை விரட்டிவிட்டு வருடக்கணக்காக ஓடிப் பழகியவர்கள். தெபோரா பதக்கத்துக்கு ஆசைப்படவில்லை. ஒரு நானூறு மீட்டரை ஒழுங்காக ஓடி, தன் பெயருக்கு எதிரே ஒரு நேரம் பதிவாக வேண்டும். அவ்வளவுதான்.

குறுக்கே வந்தவர் தீவின் மாற்றுத்திறனாளிகள் குழுத் தலைவர் தெகானேனே. குழுவில் வேறு யாரும் இருந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஊர் கூடும் மனேயபாக் கொட்டகையில் அவர் மாற்றுத்திறனாளிகள் முன்னேற்றம் பற்றிப் பேச எழுந்தால், சுட்ட சூரை மீன் ஆறி ஈ மொய்க்கும். அத்தனை நேரமும் தெபோரா பக்கத்தில் நிற்க வேண்டும், முன்னேற்றத்துக்குச் சாட்சியாக.

பௌரோவின் மனைவிக்கு அவர் சித்தப்பா. ஒரு மாலை வந்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, உன் சீட்டை எனக்குக் குடு. புபுசி."

"மாமா, கூட ஓடணுமே."

"நானூறு மீட்டர்தானேப்பா? சர்ச்சுக்கு அதைவிட அதிகமா நடக்கறேன்."

பௌரோ கொடுத்துவிட்டான்.

தெபோராவுக்கு இது விமான நிலையத்தில்தான் தெரிந்தது. அவள் கையைப் பிடித்த கை கொழுகொழுவென்று இருந்தது. அண்ணன் எங்கே என்று கேட்டாள். அவன் மனமுவந்து விட்டுக்கொடுத்துவிட்டான் என்றார் தலைவர். இருவர் கழுத்திலும் மாலை போட்டுக் கைதட்டி அனுப்பினோம்.

பந்தயத்தை மனேயபாவில் ஒரு கைப்பேசியைச் சுற்றிக் குந்திப் பார்த்தோம். பௌரோ பின்னால் ஒரு தூணில் சாய்ந்திருந்தான். நாட்டின் பெயர் எழுதிய பனியன் தலைவரின் வயிற்றில் விரிந்து, எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. முதல் வளைவு முடியும்வரை ஓடினார். அதை மறுக்க முடியாது. அப்புறம் ஓட்டம் நடையாகி, நடை தள்ளாட்டமாகியது. மற்றவர்கள் ஓடி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஏழைத் தீவு, கண் தெரியாத பெண், மூச்சு வாங்கும் பெரியவர். கைதட்ட வேறென்ன வேண்டும்?

அங்கே பேசியதை அவரே பிறகு எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

"மெதுவாவே போலாம்மா. எவ்ளோ பேர் கைதட்டறாங்க பாரு."

"கேக்குது மாமா. அதனாலதான் சொல்றேன், ஓடுங்க."

கடைசி நேர்ப்பாதையில் அவர் முழங்காலில் கைவைத்துக் குனிந்தார். தெபோரா கயிற்றை விட்டாள்.

விட்டால் தகுதி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தன் ஓடுதடத்தை விட்டுப் பக்கத்துத் தடத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள், ஆனால் ஓடினாள். அந்தக் கொஞ்ச தூரம்தான் அவள் ஓட்டம். பலகையில் அவள் பெயருக்கு எதிரே நேரம் வரவில்லை. பின்னால் தலைவர் கூட்டத்துக்குக் கையசைத்தபடி நடந்து வந்து சேர்ந்தார்.

சற்று நேரத்தில் தெபோரா பௌரோவின் எண்ணுக்கு அழைத்தாள். அவன் எடுக்கத் தயங்கினான். யாரோ ஆர்வக்கோளாறில் பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி அவன் மடியில் வைத்தார்கள். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தவர்கள் அவள் குரலைக் கேட்டதும் மூடிக்கொண்டார்கள்.

"ஏண்ணே குடுத்தே?"

"புபுசின்னு கேட்டுட்டாரு. எப்படிம்மா மாட்டேங்கறது?"

அந்தப் பக்கம் யாரோ வெள்ளைக்காரர் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"முதல்ல நான்தானேண்ணே உன்னைக் கேட்டேன்? கூட ஓட வான்னு."

பௌரோ கைப்பேசியின் சத்தத்தைக் குறைக்கப் பார்த்தான். கண் தெரியாத பெண் கேட்பதும் புபுசிதான் என்பது அந்தப் பெரிய கொட்டகையில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அழைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் ஆளுக்கொரு பாயின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைவரின் வரவேற்புக்கு என்று கட்டிவைத்த பன்றி வெளியே கத்தியது. அதை அவிழ்த்துவிடச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.