நாற்காலி வரி

பிப்ரவரி 12, வியாழன். நேற்றைய குறிப்பில் ஒரு மாணவியைப் பற்றி ‘கோப்பில் மூன்று வரைவுகள்’ என்று எழுதியது தவறு. ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றிலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

1

ஏழாம் வகுப்புத் தமிழைப் பட்டறை முறையில் நடத்துகிறேன். இருபது நிமிடம் வாசிப்பு, இருபது நிமிடம் எழுத்து. எழுதும்போது ஒவ்வொருவர் பக்கத்திலும் முக்காலி போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசுவேன். விதி ஒன்றே: ரப்பர் கூடாது. தவறை அடித்துவிட்டு எழுதலாம். எல்லா வரைவும் கோப்பில் இருக்க வேண்டும்.

தந்தியின் கோப்பில் ஒரே தாள். ஓர் அடித்தல்கூட இல்லை. (அளந்து பேசுவதால் கணக்கு வாத்தியார் வைத்த பெயர். தந்தி என்றால் என்னவென்று அவளுக்கே தெரியாது.) அப்பா வீட்டைவிட்டுப் போனதைப் பற்றி எழுதியிருந்தாள். முதல் வரி, அவர் உட்கார்ந்த நாற்காலியைப் பற்றியது.

அது என் வரி. என் நோட்டில், என் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நோட்டு எப்போதும் வகுப்பு மேசைமேல்தான் கிடக்கும்.

2

இன்று காலை கேட்டேன்.

“இது நீ எழுதினதா?”

“ஆமா மிஸ்.”

“அடிச்சது, திருத்தினது ஒண்ணையும் காணோமே?”

“தங்கச்சிகிட்ட சொல்லிச் சொல்லித் திருத்தினேன். அப்புறம் எழுதினேன்.”

“அவளுக்கு என்ன வயசு?”

“நாலு.”

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, “எடிட்டருக்கு இன்னும் மூக்கு ஒழுகுது மிஸ்!” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது தந்தியின் முகம்

[இந்த வாக்கியத்தை மூன்று முறை முயன்றேன். விட்டுவிடுகிறேன்.]

“மேசைமேல இருக்கிற என் நோட்டை எடுத்துப் பாத்தியா?”

“தொடல மிஸ்.”

நாளை பெற்றோர் முன்னால் வாசிக்கிறவர்களின் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன்.

“நாளைக்கு வரணும்னு அம்மா லீவு போட்டுட்டாங்க” என்றாள்.

3

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குச் சுத்தமான தாளே பேயாகத் தெரிந்தது. அவள் உரக்க மறுத்திருந்தால் நடிப்பு என்றிருப்பேன். மெல்ல மறுத்ததை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

4

இந்தத் தாள்களில் முதலில் வேறொரு கதை இருந்தது: கணவன் பிரிந்துபோன ஒருத்தியின் கதை. இன்று மாலை, நான் கதை எழுதக் கற்கும் வகுப்பில் அதை வாசித்தேன். நாற்காலி வரியில்தான் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த தையல்கார அக்கா பேனாவால் என் முழங்கையைத் தட்டினார்.

“டீச்சரம்மா, இது உன் ஸ்கூல் பொண்ணு சொன்னதுல்ல?”

“இல்லக்கா, என்னோடது.”

“அட போ! போன மாசம் டீ குடிக்கும்போது நீதானே சொன்னே? ‘பன்னெண்டு வயசு, என்னமா சொல்லுது, எனக்கு வரமாட்டேங்குதே’ன்னு புலம்பித் தள்ளினியே!”

நோட்டைத் திறந்தேன். ஜனவரி 9. வரி இருந்தது. அதற்கு மேலே, பொடி எழுத்தில்: ‘தந்தி, ஐந்து நிமிடப் பேச்சு.’ பிள்ளைகள் சொல்வதையும் என் கதைக்கானதையும் ஒரே நோட்டில் எழுதுவது என் வழக்கம். ஒரு மாதமாக வரியை மட்டுமே படித்திருக்கிறேன்.

5

முடிவு அ: அவள் என்னை மன்னிக்கிறாள். (அடித்துவிட்டேன். எனக்கு ரொம்ப வசதியானது.)

முடிவு ஆ: அவள் இனி எழுதுவதே இல்லை. (இதில் நான்தான் பெரிய ஆளாகிறேன்.)

இதை எழுதுகிறவளையும் நம்ப முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிற சாக்கில் அவள் வீட்டை மறுபடி என் கதைக்குள் இழுத்து வந்திருக்கிறேனோ? வரியையாவது இங்கே தரவில்லை. அதை வாசிப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு. அதற்குமேல் இந்தக் கதைக்கு முடிவு எழுத எனக்கு உரிமை இல்லை.

நாளை: காலை ஏழரைக்கு அவள் அம்மாவுக்குப் போன் செய்து, லீவை ரத்து செய்ய வேண்டாம் என்று சொல்ல வேண்டும். முதல் பாடவேளையில், சிரித்த அதே வகுப்பின் முன்னால், வரியை எடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். பட்டியலை அவளிடமே கொடுக்க வேண்டும்.