நடுக்கம் நின்ற வாரம்

என் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தது முப்பது வயதில். அதுவரை காய்ச்சலுக்குக்கூட மாத்திரை போடாத மகராசன். வேலை செல்போன் பழுது பார்க்கும் கடையில். போனுக்குள் இருக்கும் அட்டையில் கடுகைவிடச் சின்னதாக ஒட்டியிருக்கும் பாகத்தைச் சூட்டுக்காற்று காட்டிப் பெயர்த்து, புதியதை அதே இடத்தில் உட்கார வைப்பான். கடையில் அவனுக்கு ‘ஊசி’ என்று பெயர். அவனுக்கென்று மூலையில் பலகைத் தடுப்பும் கதவும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டக்கூடாது. முதலாளி உட்பட.

மாத்திரை ஆரம்பித்ததும் வலிப்பு நின்றது. அந்த விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தூக்கத்தையும் கூடவே வாரிக்கொண்டு போய்விட்டது. எங்களுடையது ஒரே அறை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஆள் நடக்க இடமில்லை. தூங்கும்போது அவன் கால் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு உதை சுவருக்கு, ஒரு உதை எனக்கு. இல்லையென்றால் கெட்ட கனவு கண்டு அலறிக்கொண்டு எழுந்து உட்கார்வான்.

“கழுதைகூட உதைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாக்கும்டா,” என்பேன் காலையில்.

“கழுதை முழிச்சிருக்கும்க்கா. நான் தூங்கிட்டில்ல இருந்தேன்.”

இப்படிச் சிரித்தே ஓட்டினோம். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. சிரிப்பும் போயிற்று. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தான். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடப் போனால் முறைப்பான். ஒருநாள் கடையில் இடுக்கியிலிருந்து பாகம் தெறித்து எங்கோ போய்விட, யாருடைய போனோ உயிரை விட்டது. முதலாளி நல்ல மனுஷன்தான், கத்தவில்லை. “கொஞ்ச நாளைக்கு முன்பக்கக் கவுன்டரைப் பாத்துக்கப்பா. கை சரியாகலைன்னா அந்த நாற்காலிக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்,” என்றார். கவுன்டரில் போனுக்கு உறை விற்பதும் திரைக்குக் கண்ணாடித்தாள் ஒட்டுவதும் வேலை. இவன் ஒட்டிய தாளில் குமிழ் குமிழாக நின்றது.

“டாக்டர்கிட்ட சொல்லிடலாம்டா,” என்றேன்.

“தலைவலின்னு சொன்னோம், ஒரு மாத்திரை கூடுச்சு. வயிறு எரியுதுன்னு சொன்னோம், இன்னொண்ணு கூடுச்சு. இப்ப கை, கால், கனவுன்னு ஒவ்வொண்ணா அடுக்கினா ஒரு பையே குடுத்து அனுப்புவாங்க. நான் அப்புறம் உக்காந்து மாத்திரையைத்தான் முழுங்கிட்டிருக்கணும். நீ வாயைத் திறக்காதக்கா.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு தடவை நடந்ததுதானே.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மா கேட்டார்: “எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் டாக்டர்.”

அப்படிச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். நான் பக்கத்தில் பிடித்து வைத்த பிள்ளையார். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. அவர் அதே மருந்தை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அதற்கடுத்த வாரம் நடுக்கம் நின்றுவிட்டது. தளும்பத் தளும்ப ஊற்றிய டீயை ஒரு கையால் எடுத்துச் சிந்தாமல் குடித்தான். கால் உதைக்கவில்லை, கனவும் இல்லை. நானும் மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினேன்.

“உடம்புக்குப் பழகிடுச்சுக்கா, அவ்வளவுதான்,” என்றான்.

வீடு தேடி வந்த நல்லதை நிற்க வைத்து யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்? முதலாளி நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை கேக் வாங்கி வந்து, என் கையிலிருந்த கத்தியை வாங்கி அவனே வெட்டினான், கோடு போட்ட மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். மறுநாள் மதியம் போன் வந்தபோது கையில் யாருடைய கோட்டோ இருந்தது. ஊசிக்கு வலிப்பு, ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றார்கள். வலிப்புதானே, பார்த்த வியாதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

வராந்தாவில் கடைப்பையன்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒருவன் மட்டும் பேசினான். “கதவு சாத்தியிருந்துச்சுக்கா. சூட்டுக்காற்று மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, வேலை பாக்குறாருன்னு நினைச்சோம். வாடை வந்தப்புறம்தான் திறந்தோம்.”

விழுந்தவன் மெஷின் பக்கமாக விழுந்திருக்கிறான். வலது கை அதன் வாய்க்கு நேராகக் கிடந்திருக்கிறது. தட்டக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி வைத்தவனே அவன்தான். யாரை வைது என்ன பண்ண?

நர்ஸ் அவன் சட்டையைச் சுருட்டிக் கொடுத்தார். பையில் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி மடிப்பாக இருந்தது. பிரித்தேன். வாரம் முழுக்க என் கண் முன்னால் தண்ணீரோடு விழுங்கிய மாத்திரைகள் எல்லாம் அதில் இருந்தன. அந்தக் கட்டிலிலேயே அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருப்பேன். ஆனால் அவன் அப்போதுதான் கண் விழித்து, கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பாதி போய்விட்டது என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அவன் இடுக்கி பிடிக்கிற விரல்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். துணியில் இருந்ததைக் காட்டினேன். கை நடுக்கத்தையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவசரமில்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான்.

“நடுக்கம் இந்த மாத்திரையாலதான்மா. அளவைக் குறைச்சிருக்கலாம், இல்லை வேற மருந்துக்கு மெதுவா மாத்தியிருக்கலாம். இப்படித் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வராம என்ன செய்யும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் துணியைத் திரும்ப மடித்தேன். அவன்தான் பேசினான், நாக்கு இன்னும் குழறியது.

“வேற மருந்துல நடுங்காதா டாக்டர்?”

“பெரும்பாலும் நடுங்காது.”

அவன் கட்டுக்குள் இருந்த கையை ஒரு தடவை பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“தூக்கத்துல கால் உதைக்கிறதையும் சொல்லிடுக்கா. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது.”