நூற்று எழுபது கிலோ கை

பக்கவாதம் வந்த மறுநாள் தேவஇரக்கத்தின் வலது கை நூற்று எழுபது கிலோ இருந்தது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர் என்பதால், அது ஒரு பேலின், அதாவது ஒரு பஞ்சுப் பொதியின், எடை என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவரே. ஆஸ்பத்திரிக் கட்டில் வலப்பக்கம் வளைந்துபோனது. பார்க்க வந்த சபைக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஜெபித்துவிட்டுக் கையைத் தூக்கிப் பார்த்து, தங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாத்துக்குடியை அவர் மனைவி ஜெயக்கொடி தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பக்கவாதக்காரர்களுக்கு மையம் நடத்தும் பிசியோதெரபிஸ்ட் ஹெப்சிபாவிடம் அவரை லோடு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். மூன்று மாதம், ஷிப்ட் பார்ப்பதுபோல, விரல்களை எண்ணி எண்ணி மடக்கினார். எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. "பிடிச்ச விளையாட்டு ஏதாச்சும் விளையாடுங்க சார்" என்றாள் அவள். அவருக்குப் பிடித்த விளையாட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. அங்கே ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் கிளிப் படத்துக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியை ஒருத்தி பாசிமணி கோத்துக்கொண்டிருந்தாள். "பல்லுப்போன பால்வாடி" என்று தேவஇரக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பிய பக்கத்தில் கேரம் போர்டு இருந்தது. அதன் முன்னால் இடது கால் செயலிழந்து உட்கார்ந்திருந்தவன் மம்சாபுரம் கருத்தப்பாண்டி. சாப்பாட்டு வேளையில் கேரம் ஆடினான் என்று இவர் மில்லைவிட்டுத் துரத்திய ஆள். அன்று அவன் ஆடிய போர்டையும் பாய்லரில் போட்டு எரித்திருந்தார்.

"உக்காருங்க சூப்பர்வைசர். இங்கன மெமோ கெடையாது."

அவனைத் தோற்கடித்து அவமானப்படுத்தவே உட்கார்ந்தார். நான்கு பேர் சேர்ந்து கையைத் தூக்கிவைத்தார்கள். முதல் வாரம் ஸ்ட்ரைக்கர் அசையவில்லை. கருத்தப்பாண்டி சிரிக்கவுமில்லை, இரக்கப்படவுமில்லை; தன் முறை வந்ததும் அடித்தான். ஆறாவது வாரம், சிவப்புக் காய் குழியின் விளிம்பில் நின்ற ஆத்திரத்தில், கையை மறந்து சுண்டினார். காய் விழுந்தது. எடை பார்த்தபோது கை நூற்றுப் பதினெட்டு கிலோ. சிகிச்சை என்று நினைத்து ஆடிய நாட்களில் எடை ஏறியது. ஆட்டமே கதி என்று கிடந்த நாட்களில் இறங்கியது. ஏழாம் மாதம் மூன்று கிலோவில் வந்து நின்றது. அதற்குமேல் இறங்க மறுத்தது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவில், தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஏலே, அன்னைக்கு அந்தப் போர்ட எரிச்சது தப்புதாம்லே."

"அது எனக்கு அப்பமே தெரியும். காயப் பாத்து அடிங்க."

அடித்தார். கை அந்த மூன்று கிலோவையும் உதிர்த்துவிட்டு, நிற்கத் தெரியாமல் தலைக்குமேல் மிதந்தது.

அதன்பிறகு ஆராதனையில் அவர் கை தானாக உயர்ந்தே இருக்கும். பக்தி முற்றிவிட்டது என்று பாஸ்டர் மற்றவர்களுக்கு அவரைக் காட்டிப் பேசினார். ஜெயக்கொடிக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஐந்து கிலோ காய்கறிப் பையை மாட்டினால் கை ஒழுங்காகக் கீழே தொங்கும் என்று கண்டுகொண்டாள். சந்தைக்கு இப்போது அவர்தான் போகிறார்.