ஒவ்வொரு தடவையும் வேறு முகங்கள்

முதல் தடவை கணினியில் ஓட்டியபோது கேன்டீன் சமையல்காரரின் படத்தைக் காணோம். இரண்டாம் தடவை அவர் வந்துவிட்டார், கணக்குப் பிரிவுப் பெண்ணைக் காணோம். மூன்றாம் தடவை மாமாவே இல்லை.

"என்னையா காணோம்? நல்லா தேடிப் பாரு. மீசையை வெச்சே கண்டுபிடிக்கலாம்" என்றார் அக்காவின் கணவரான மாமா.

"தேடிட்டேன் மாமா. மீசையும் இல்ல, நீங்களும் இல்ல" என்றாள் சின்னவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமாவுக்கு அந்தத் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் வேலை. திங்கட்கிழமை முதல் படம் போட்ட புது அட்டையைக் காட்டினால்தான் அங்கே கதவு திறக்கும். எல்லோரையும் படம் எடுத்துக் கொடுப்பது அக்காவின் ஸ்டுடியோ. கேமரா தானாக வைத்த நீளப் பெயர்களை எடுத்துவிட்டு, 0001, 0002 என்று வரிசையாகப் பெயர் வைத்து இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். யாருக்கு எந்த எண் வந்தாலும் சரி, முகத்தைப் பார்த்துத் தொழிற்சாலையிலேயே சேர்த்துக்கொள்வார்கள். படம் போய்ச் சேராதவர் திங்கட்கிழமை கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

உள்ளே போவது ஆயிரத்து நானூறு படம். வெளியே வருவது ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம். பிழை என்று கணினி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. நடுவில் எண் எதுவும் விடுபடவும் இல்லை. 0001இலிருந்து கடைசி எண் வரை பல்வரிசைபோல் இருந்தது. ஆனால் அந்தக் கடைசி எண்தான் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது. மூலப் படங்கள் பத்திரமாக வேறு ஃபோல்டரில் இருந்ததால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான்.

இதற்காகச் சின்னவள் கணினிக்கு எழுதிய கட்டளைப் பட்டியல், அதாவது ஸ்கிரிப்ட், ரொம்பச் சிறியது. ஒரு படத்தை எடு. அளவைச் சுருக்கு. 'அடுத்த எண்' என்ற கோப்பைத் திறந்து, அதில் இருக்கும் எண்ணைப் படத்துக்குப் பெயராக வை. பிறகு அந்தக் கோப்பில் எண்ணை ஒன்று கூட்டி எழுது. படங்கள் பெரியவை, கணினி பழையது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் மாலைக்குள் முடியாது. அதனால் அதே ஸ்கிரிப்டை எட்டுப் பிரதிகளாக ஒரே நேரத்தில் ஓடவிட்டிருந்தாள். எட்டு ஆள் சேர்ந்து செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பதில் என்ன தப்பு?

சந்தேகத்துக்குப் பத்துப் படங்களை மட்டும் ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்தாள். பத்தும் வந்தன. எட்டு ஆளாக ஓட்டினாள். எட்டுதான் வந்தன. மறுபடி ஓட்டினாள். ஒன்பது.

"இது என்ன, மூடுக்குத் தகுந்த மாதிரி வேலை செய்யுது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன மாதிரிதான்" என்றாள் அக்கா.

அக்காவும் மாமாவும் எதிர் மேசையில் வாடிக்கையாளர்களின் படங்களைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் அடுத்த கவரின் எண். யார் கவரை முடித்தாலும் பலகையைப் பார்ப்பார்கள், அந்த எண்ணைக் கவரில் எழுதுவார்கள், அலமாரியில் அதே எண்ணுள்ள தட்டில் சொருகுவார்கள். பிறகு வந்து பலகையில் எண்ணை அழித்து அடுத்ததை எழுதுவார்கள்.

"ஏங்க, முப்பத்தொண்ணுல நான் வெச்ச கவர் எங்க?"

"நான் வெச்சதுதானே அங்க இருக்கு."

"நான் பாக்கும்போது பலகையில முப்பத்தொண்ணு."

"நான் பாக்கும்போதும் அதேதான். பொய்யா சொல்றேன்?"

இருவரும் பொய் சொல்லவில்லை. தட்டுகளுக்குப் பின்பக்கம் அடைப்பு கிடையாது. மாமா தன் கவரைச் சொருகியபோது அக்காவின் கவர் பின்னால் நழுவி விழுந்திருந்தது. சின்னவள் எழுந்து போய் அலமாரியை நகர்த்தினாள். கீழே நாலைந்து கவர்கள் தூசி படிந்து கிடந்தன.

"அடப்பாவி, பல் டாக்டரோட படம் இங்கயா இருக்கு?" என்றாள் அக்கா. "அந்த ஆளு என்னை என்ன பேச்சு பேசினாரு. நான்தான் தொலைச்சேன்னு நீங்களும் சேர்ந்து சொன்னீங்க."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார். சின்னவள் கவர்களையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, நீ எண்ணைப் பாத்துட்டு அலமாரிக்குப் போனே. திரும்பி வந்து மாத்தி எழுதறதுக்குள்ள மாமா அதே எண்ணைப் பாத்துட்டாரு."

"அதான் நானும் சொல்றேன், இவரு அவசரக்குடுக்கைன்னு."

"இங்க நீங்க ரெண்டு பேர். அங்க எட்டு பேர்."

அவள் நாற்காலிக்கு ஓடினாள். ஓர் ஆள் எண்ணைப் படிப்பதற்கும் கூட்டி எழுதுவதற்கும் நடுவில் இருந்த கண்ணிமைக்கும் இடைவெளியில் இன்னொரு ஆள் அதே எண்ணைப் படித்திருக்கிறான். இரண்டு படங்களுக்கு ஒரே பெயர். இரண்டாவது வந்ததும் முதலாவது சத்தமில்லாமல் அழிந்திருக்கிறது. ஒரு பெயரின் மேல் இன்னொன்றை வைக்கச் சொன்னால் கணினி கேள்வி கேட்காமல் வைத்துவிடும். எந்த இருவர் எப்போது மோதுவார்கள் என்பதற்கு வரையறை இல்லாததால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகங்கள்.

மாலைக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டத்தான் நேரம் இருந்தது. 'அடுத்த எண்' கோப்பையே தூக்கிவிட்டாள். முதலில் ஒரே ஆள், எந்தப் படத்தையும் தொடாமல், பழைய பெயர்களை வரிசையாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் நேரே புதுப் பெயரை எழுதிவிட வேண்டும். அது ஒரு நொடி வேலை. பிறகு அந்த வரிகளை எட்டு ஆட்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். தன் வரியில் உள்ள படத்தைச் சுருக்கி, அதில் எழுதியிருக்கும் பெயரை வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. எண்ணை யாரும் தேடிப் போக வேண்டாம். காவலுக்கு, பெயர் வைக்கும் mv கட்டளையோடு -n சேர்த்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தால் அதன் மேல் வைக்காதே என்று பொருள்.

ஓடி முடிந்தது. எண்ணிப் பார்த்தாள், ஆயிரத்து நானூறு படங்களும் இருந்தன. கடைசிப் படத்தின் பெயர் 1400. அறுநூற்றுப் பதினேழாவதாக மாமா, மீசையோடு இருந்தார்.