அழிக்காமல் விட்ட வட்டம்

எங்க ஆபீஸ்ல அவருக்கு நாற்காலி கிடையாது, மேசை கிடையாது, கதவுல பேர்ப்பலகையும் கிடையாது. சம்பளப் பட்டியல்ல தேடினாலும் பேர் சிக்காது. யாராவது கேட்டா, "சும்மா அப்பாவப் பாக்க வந்தேன்"னு சொல்வார். அப்பா நாட்டுத் தலைவர், எங்களுக்கு ஐயா. தினம் ரெண்டு தடவ அப்பாவப் பாக்காம இருக்க முடியாத நாப்பது வயசுப் பிள்ளைய நான் வேற எங்கயும் கண்டதில்ல. எங்க மாடியில அவருக்கு நாங்க வச்ச பேர் பென்சில். முகத்துக்கு நேரா இல்ல, அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கு!

ஏன் அந்தப் பேர்னு சொல்லிடறேன். துறைக்காரங்க பயங்கர உஷார். எந்த விஷயத்துலயும் முடிவ அவங்க எழுத மாட்டாங்க. ஒருத்தர் மேல புகார் வந்தா, "எச்சரிக்கலாம், இடம் மாற்றலாம், பணிநீக்கம் செய்யலாம்"னு மூணையும் வரிசையா எழுதி, தலைவர் முடிவுக்குன்னு மேல தள்ளிவிட்டுடுவாங்க. அந்தக் கோப்பு ஐயா மேசைக்குப் போறதுக்கு முன்னாடி என் மேசைக்கு வரும். பென்சில் வந்து, நின்னுக்கிட்டே புரட்டி, மூணுல ஒண்ணச் சுத்தி ஒரு வட்டம் போடுவார். நான் அதுபடி உத்தரவ டைப் அடிச்சு மேல வைக்கணும். வட்டத்த ரப்பரால அழிக்கணும். துகள ஊதிவிட்டா காதும் காதும் வச்ச மாதிரி வேலை முடிஞ்சிடும். ஐயா காலையில அறுபது கோப்புல கையெழுத்துப் போடுவார். கையெழுத்து போடற இடம் மட்டும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும்.

நாலு வருஷமா அழிச்சேன். நாலு வருஷமும் வயிறு எரிஞ்சுக்கிட்டேதான் அழிச்சேன். யார் இவர்? யார் ஓட்டுப் போட்டாங்க இவருக்கு? ஐயா ரூம்ல பத்து நிமிஷம் இருப்பார், வெளிய வரும்போது காதெல்லாம் சிவந்திருக்கும். அப்பாவ நல்லாக் குழப்பிவிட்டு வர்றார்னு நினைச்சுக்குவேன். அவர் யாரோட போன் பேசறார், எந்தக் கார்ல யார் வந்து இறங்கறாங்கன்னு கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாப்பேன். "ஐயா தங்கமான மனுஷன், அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது"ன்னு மாடி முழுக்கச் சொல்வாங்க. நானும் சொல்வேன். அதச் சொல்லும்போது ஒரு நிம்மதி.

அப்புறம் ஒரு நாள் என் தம்பி பேர்லயே கோப்பு வந்துச்சு.

அவன் தொழிற்சாலை ஆய்வாளர். ஒரு பெயின்ட் தொழிற்சாலையில கொதிகலனோட பாதுகாப்பு வால்வ கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாங்களாம், நீராவி வீணாகக் கூடாதுன்னு. எப்ப வேணும்னாலும் வெடிக்கும், உள்ள இருநூறு பேர். இவன் கதவுக்கு சீல் வச்சிட்டான். பெயின்ட் முதலாளி யாருன்னு பாத்தா, பென்சிலோட பள்ளிக்கூடத்து சிநேகிதன். எனக்கு அப்பவே மூக்கு வேர்த்துடுச்சு.

கோப்புல வட்டம் 'இடம் மாற்றலாம்'ங்கறதுல இருந்துச்சு. பக்கத்துல சின்ன எழுத்துல 'வடக்கு எல்லை'. அறுநூறு மைல்!

மத்தியானம் தம்பிய வாசல்ல பாத்துச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போச்சு.

"அக்கா, அங்க டயாலிசிஸ் மெஷினே கிடையாதுக்கா. என் பொண்டாட்டிக்கு வாரம் ரெண்டு தடவ பண்ணியாகணும்."

"அவள இங்கயே என் வீட்டுல விட்டுட்டுப் போயேன்டா."

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? வேலையில குடுத்த மருத்துவ அட்டை இருக்குன்னுதான் ஏதோ உயிர் ஓடிக்கிட்டு இருக்கு. எல்லாம் அந்தப் பென்சில் ஆளு வேலைதானே?"

"வேற யாரு? நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன்னு சொன்னது பெரிய வாய். ஆனா கோவம் தலைக்கு ஏறியிருந்துச்சு. உத்தரவ வட்டத்துப்படியே அடிச்சேன், யாரும் என்னக் குறை சொல்லக் கூடாதுல்ல. ரப்பர மட்டும் எடுக்கல. வழக்கமா உத்தரவு மேல இருக்கும், துறை எழுதின குறிப்பு கீழ இருக்கும். அன்னைக்கு மாத்தி வச்சேன். வட்டம் ஐயா கண்ணுல குத்தணும்.

பக்கத்து மேசைப் பதிவேட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, "மேடம், அழிக்கல"ன்னார்.

"தெரியும்."

"ஏன் மேடம் வீண் வம்பு? அழிச்சிட்டு அனுப்புங்க."

"உங்க வேலையப் பாருங்க சார்"னு எரிஞ்சு விழுந்தேன். பாவம், பதிவேட்டத் தூக்கிக்கிட்டு இடத்துக்குப் போயிட்டார்.

அடுத்த நாள் பதினோரு மணிக்கு ஐயா கூப்பிட்டார். உள்ள போனேன். ஐயா கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, "உக்காரும்மா"ன்னார். அந்தக் குரல்ல ஒரு அன்பு இருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

"இந்த வட்டம் ஏன் இப்படியே இருக்கு?"

இதுக்குத்தானே காத்திருந்தேன்! கொட்டித் தீத்துட்டேன். "ஐயா, நாலு வருஷமா உங்களுக்குத் தெரியாம உங்க பிள்ளைதான் எல்லா முடிவும் எடுக்கறார். நான்தான் அழிக்கறேன். இது ஒரு நேர்மையான ஆள் மேல பழிவாங்கற வேலை, ஐயா. இவன் என் சொந்தத் தம்பி. இதையாவது நீங்களே பாக்கணும்."

ஐயா சிரிச்சார். "எனக்குத் தெரியாமலா? நான் வாயால சொல்றதத்தான்மா அவன் வட்டம் போடுவான். ஊர் அவனத் திட்டும், என்னத் திட்டாது. நல்ல ஏற்பாடுதானே?" அப்படியே குனிஞ்சு குறிப்பப் பாத்தவர் முகம் மாறிப்போச்சு. "ஆனா இத நான் சொல்லலையே."

மணிய அடிச்சார். பென்சில் வந்து நின்னார். கோப்பப் பாத்தார், என்னப் பாத்தார். அவருக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் இன்னும் புரியல.

"முந்தாநாள் உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"வேலைய விட்டு நீக்கச் சொன்னீங்கப்பா."

"பெயின்ட்காரன் நம்ம ஆளு. அவன் கதவுக்கு சீல் வச்சவன் இனிமே எந்தக் கதவுக்கும் சீல் வைக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? நீ எதுல வட்டம் போட்டிருக்க?"

"அவர் வீட்டம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போச்சுப்பா. வேலை போனா மருத்துவ அட்டையும் போயிடும். எல்லைக்கு அனுப்பிட்டு, உங்களுக்கு ஞாபகம் போனதும் ஆறு மாசத்துல கூப்பிட்டுக்கலாம்னு..."

"இப்படி இன்னும் எத்தனை கோப்பு?"

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது. எத்தனைன்னு பென்சிலவிட எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஒவ்வொண்ணையும் கரிச்சுக் கொட்டிக்கிட்டே அழிச்சவ நான்தானே! அந்த நாலு வருஷத்துல எத்தனை பேர இந்த மனுஷன் பாதிக் குழியிலேயே பிடிச்சு நிறுத்தினாரோ, எனக்கு எங்க தெரியும்?

ஐயா நான் அடிச்ச உத்தரவ ரெண்டாக் கிழிச்சார். "பணிநீக்கம்னு வேற அடிச்சுட்டு வாம்மா. உடனே."

"ஐயா, அவன் என் தம்பி. தெரியாம பண்ணிட்டேன். காலுல விழறேன்."

"தம்பின்னுதான் சொன்னியே. அப்ப பேர்ல பிழை வராது." கண்ணாடிய மாட்டிக்கிட்டு அடுத்த கோப்ப எடுத்துட்டார்.

அடிச்சேன். மூணு தாள் வீணாச்சு. ஐயா கையெழுத்துப் போட்டு, பதிவேட்டுல ஏறி, பன்னெண்டரைக்கெல்லாம் துறைக்குப் போயிடுச்சு. நான் என் மேசைக்கு வந்தப்ப பென்சில் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தார், சுவரப் பாத்துக்கிட்டு. மன்னிப்புக் கேக்கணும்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள போன் அடிச்சுது. தம்பி.

"அக்கா, நீக்கிட்டாங்களாம்க்கா. ஆபீஸ்ல இப்பதான் சொன்னாங்க. மாத்தல்தானே சொன்ன? இதுக்குள்ள என்ன ஆச்சு? யாருக்கா இத மாத்தினது?"

நாலடி தள்ளி அவர் நிக்கறார். நான்தான்டான்னு சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

"அந்த ஆளுதானேக்கா?"

"ஆமாடா"ன்னேன். "ஐயாவுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாம் அந்தப் புள்ளதான்."

அவர் திரும்பி என்னப் பாத்தார். அப்புறம் மேசையில இருந்த அடுத்த கோப்பப் புரட்ட ஆரம்பிச்சார்.